மிஷன் வீட்டுத் தொட்டில்

1837 ஜூலை 17 அன்று பெங்களூரில், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ரைஸ் பாதிரியாரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இந்த ஊருக்கு வந்ததே அதே ஆண்டில்தான். குழந்தைக்கு பெஞ்சமின் லூயிஸ் என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்த அந்தப் பிள்ளை 1860-இல் பெங்களூர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகத் திரும்பி வந்தார். பின்னால் மைசூர் சமஸ்தானத்தின் கல்வித் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் தலைமை வகித்தார். ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகளை 12 தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவற்றில் 9-ஆம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது, 1905-இல் வெளிவந்தது. இந்த மாவட்டத்தில் எத்தனை ஊர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் கிடக்கின்றன என்று இன்று நாம் பேசுவதற்கு அடிப்படை அந்தத் தொகுதிதான்.

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ரைஸை நினைக்காமல் முடியாது. காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜி, மல்லபுரத்து இறைவனுக்கு ஒரு கிராமத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் வருகிறது. இப்படிப்பட்ட கற்களைத் தேடி எடுத்துப் படித்து அச்சேற்றும் வேலைக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர், ஒரு மிஷன் வீட்டுத் தொட்டிலில் கிடந்த பிள்ளை. அவரைக் கன்னட நாடு சாசன பிதாமகர் என்கிறது. அவரைப் பெற்ற தாய் ஜேன் ரைஸ் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? இங்கே வந்து சேர்ந்த அதே ஆண்டில், மொழி தெரியாத ஊரில், பெற்ற தாயும் உடன்பிறந்தவளும் பக்கத்தில் இல்லாமல் அவள் பிள்ளை பெற்றாள்.

மிஷனரி வரலாறு நம் மொழியில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அகராதி செய்தவர், இலக்கணம் எழுதியவர், அச்சுக்கூடம் வைத்தவர், பள்ளி திறந்தவர் என்று வரிசையாக ஆண்களின் பெயர்கள். குடும்பம் என்பது கடைசி அத்தியாயத்தில் இரண்டு வரி: மணந்தார், இத்தனை பிள்ளைகள், இத்தனை பேர் இறந்தார்கள். அந்த இரண்டு வரியை நடுவில் வைத்துத்தான் முழு வரலாற்றையும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மலைவாச ஊர்கள், உறைவிடப் பள்ளிகள், பெண்கள் மருத்துவமனைகள் என மிஷன்கள் விட்டுச் சென்றவற்றில் நாம் இன்றும் பயன்படுத்துகிற பலவும், அந்நிய மண்ணில் பிள்ளை பெற்று வளர்க்க நேர்ந்த நெருக்கடியிலிருந்து வந்தவை.

மல்லேஸ்வரத்தைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, காற்றோட்டமான அகன்ற தெருக்களோடு திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பகுதி இது. 19-ஆம் நூற்றாண்டு மிஷன் பங்களாக்கள் இருந்தவை பழைய பேட்டையை ஒட்டியும், தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் பகுதியிலும். மல்லேஸ்வரத்துக்கு வந்த பெரிய கிறிஸ்தவ நிறுவனங்கள் துறவறம் பூண்டவர்களுடையவை. பிரெஞ்சு குருமார் புதுச்சேரியில் தொடங்கிய புனித பேதுரு குருமடம் 1934-இல் பெங்களூருக்கு மாறி இங்கே நிலைபெற்றது. குளூனி சபைக் கன்னியரின் பள்ளியும் இங்கே உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை பிள்ளைப்பேற்றுக் கேள்விக்குத் துறவறத்தின் மூலம் விடை கண்டுவிட்டது. நோய் வந்தால் ஒரு குருவானவர் சாவார். ஒரு குடும்பம் அநாதையாகாது. புராட்டஸ்டண்டு சபைகளுக்குத்தான் அந்தக் கேள்வி தீராமல் இருந்தது.

அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. மணமாகாத இளைஞன் செலவு குறைவு, எங்கும் போவான், எதையும் தாங்குவான் என்றது ஒன்று. மனைவியும் பிள்ளையும் உள்ள வீட்டைப் பார்த்தால்தான் உள்ளூர்க்காரர்கள் நம்பிப் பழகுவார்கள் என்றது மற்றொன்று. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1836-இல் மிஷனரிகளின் திருமணத்தை ஆதரித்து ஒரு கட்டுரையே எழுதினார். பாசல் மிஷன் தன் ஆட்களைத் தனியாகவே அனுப்பியது. சில ஆண்டுகள் வேலை செய்த பிறகு அவர்கள் அனுமதி கேட்க வேண்டும். சங்கம் சம்மதித்தால் மணப்பெண் கப்பலேறி வருவாள். இந்த விவாதங்களில் பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஆண்டுக்கு எத்தனை ரூபாய் கூடுதல் படி என்ற கணக்கு இருக்கும். காய்ச்சலும் சீதபேதியும் நிறைந்த ஊரில், பிரசவ மருத்துவம் இன்னும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், அடுத்தடுத்துப் பேறுகாலத்தைச் சந்திப்பவள் என்ன ஆவாள் என்ற கேள்வி இருக்காது.

டொரோத்தி கேரியின் கதை இதற்கு முதல் சாட்சி. வில்லியம் கேரி 1793-இல் இந்தியாவுக்குப் புறப்பட முடிவு செய்தபோது டொரோத்தி நிறைமாதக் கர்ப்பிணி. வர மாட்டேன் என்றாள். மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு போக கேரி ஆயத்தமானார். கப்பல் தாமதமானது, இதற்குள் மே மாதத்தில் குழந்தை பிறந்தது. மீண்டும் வற்புறுத்தினார்கள். தங்கையும் கூட வருவதென்றால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, ஜூன் 13 அன்று பிறந்து சில வாரங்களே ஆன கைக்குழந்தையோடு அவள் கப்பலேறினாள். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் சீதபேதியில் போய்விட்டான். அதன் பிறகு டொரோத்தியின் மனம் தெளியவே இல்லை. 1807-இல் இறக்கும் வரை அவளை அறைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த அறையில் கேரியின் மொழிபெயர்ப்புகள் நடந்தன. அந்த மொழிபெயர்ப்புகளின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவற்றின் விலையைச் செலுத்தியவர்களில் டொரோத்தியையும் சேர்க்காமல் கணக்கு நேராகாது.

யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கர்களின் குடும்பக் கதைகள் இன்னும் நெருக்கமாகத் தெரிகின்றன, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அவர்கள் பாதுகாத்ததால். 1819-இல் புறப்பட்ட மருத்துவர் ஜான் ஸ்கடரும் மனைவி ஹாரியட்டும் யாழ்ப்பாணம் சேரும் முன்பே, கல்கத்தாவில், தங்கள் முதல் குழந்தையைப் பறிகொடுத்தார்கள். 1822-இல் பண்டத்தரிப்பில் பிறந்த மகன் ஹென்றி மார்ட்டின் உயிர் தரித்தான். ஆற்காடு மிஷனை 1853-இல் நிறுவியவர்களில் முதன்மையானவன் அவன். அவர்களோடு வந்த மைரன் வின்ஸ்லோவைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1862-இல் வந்தது. அவருடைய மனைவி ஹாரியட் 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர். ஊர்ப் பெண்பிள்ளைகளைத் தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட அந்தத் தாய், தன் மகன் சார்லஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தாள். 1832-இல் நியூயார்க்கில் சிறுவன் இறந்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் தாயும் இறந்தார். 1829-இல் உடுவிலில் பிறந்த மகள் பிழைத்து, மணமாகி, கணவரோடு சென்னைக்கு மிஷனரியாக வந்தாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டலஸ் அவளுடைய மகனின் மகன்.

கொடைக்கானலையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், நோயும் சாவும் துரத்தியதால் பழனிமலையில் இடம் தேடி 1845-இல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது. இன்று ஏரியும் படகும் பார்க்கப் போகிற ஊர், முதலில் சமவெளிக் காய்ச்சலிலிருந்து மனைவி மக்களைக் காப்பாற்ற ஏற்பட்ட ஒதுங்கிடம்.

சரி, குழந்தை பிறந்தது. யார் எடுத்தார்கள்? யார் குளிப்பாட்டினார்கள்? அக்காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டுப் பக்கத்தை எடுத்தால் கட்டங்கள் ஒழுங்காக இருக்கும். தேதி, பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்த குருவின் கையெழுத்து. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் மிஷனரி என்று எழுதியிருக்கும். பேறு பார்த்தவளுக்குக் கட்டம் இல்லை. பால் கொடுத்தவளுக்கும் இல்லை. ஆயா என்று கடிதங்களில் வருகிற பெண்ணுக்குப் பல வீடுகளில் பெயரே கிடையாது. பிள்ளை முதலில் பேசியது அவள் மொழியை. தாலாட்டு அவளுடையது. முழங்காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, சுட்ட வசம்பைக் கல்லில் உரைத்து நாக்கில் தடவி, சேலைத் தூளியில் போட்டு ஆட்டிவிடுகிற கைப்பழக்கம் அவளுடையது. வசம்பும் சாம்பிராணியும் மூடநம்பிக்கை என்று கடிதம் எழுதிய தாய்மார்கள் உண்டு. நடு இரவில் பிள்ளை வயிற்றுவலியில் அழுதபோது அவர்களும் ஆயாவைத்தான் எழுப்பியிருப்பார்கள்.

ஆயா மேல் அவர்களுக்குப் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. பிள்ளை அவளோடு சேர்ந்து கோயில் கதைகளைக் கற்றுக்கொள்ளும், ஊர்ப் பேச்சும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்பது பயம். அதே ஒட்டுதல்தான் சிலரை நம் மொழிக்குள் ஆழமாக இறக்கியது. எலைசா கால்டுவெல்லை நினைத்துக்கொள்ளலாம். நாகர்கோவிலில் மிஷனரிகளான சார்லஸ், மார்த்தா மால்ட் தம்பதியின் மகளாக, தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, மணப்பெண்ணுக்கு ஊர்ப் பேச்சு ஏற்கெனவே வீட்டுப் பேச்சாக இருந்தது. தாயிடம் கற்ற பின்னல் வேலையை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் பலருக்கு அது கையில் காசு தந்தது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் புகழில் இந்தப் பெண்ணின் நாக்குக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பிள்ளைகளை அனுப்பிவைத்ததுதான் இந்த வரலாற்றிலேயே கொடுமையான பகுதி. ஆறு ஏழு வயதானதும் கப்பலேற்றிவிட வேண்டும். தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாது, படிப்பு கெடும், குணம் கெடும் என்று காரணங்கள். லண்டனில் மிஷனரிகளின் மகள்களுக்காக 1838-இல் ஒரு பள்ளியும், மகன்களுக்காக 1842-இல் இன்னொரு பள்ளியும் தொடங்கப்பட்டன. 1853-இல் பாசலில் மிஷன் பிள்ளைகளுக்கான இல்லம் வந்தது. ஒருமுறை போன பிள்ளையை அடுத்துப் பார்க்கப் பத்து ஆண்டு ஆகலாம். மிஷனரிகளான ஹெர்மன் குண்டர்ட், ஜூலி தம்பதியின் மகள் மரீ 1842-இல் தலச்சேரியில் பிறந்தவள். சிறுமியாக ஐரோப்பாவில் விடப்பட்டு, 15 வயதில்தான் பெற்றோரிடம் திரும்பி வந்தாள். பின்னாளில் அவளுக்குப் பிறந்த மகன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. அவர் எழுத்தில் இந்தியா தீராத ஏக்கமாக வருவதற்கு இந்தப் பிரிவிலும் ஒரு வேர் இருக்கிறது.

கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்டின் அனுபவம் நம் நூற்றாண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. 1914-இல் பிறந்தவர், 1923-இல் ஒன்பது வயதில் தங்கையோடு இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தந்தை ஜெஸ்ஸி மலையிலிருந்து மகனுக்கு மரம், பூச்சி, பறவை என்று கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். 1929-இல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி உடனே வந்துவிட்டது. கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. தந்தை இறந்த செய்தி தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் மகனுக்கு வந்து சேர்ந்தன. பதினைந்து வயதுப் பையன் அவற்றை எப்படிப் பிரித்திருப்பான் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. அந்தப் பையன்தான் 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீட்டுக் கொடுத்தார். மனைவி மார்கரெட் மறு ஆண்டு சிறு பிள்ளைகளோடு வந்தார். பிராண்ட் குடும்பத்துப் பிள்ளைகள் பெற்றோரோடு வேலூரில் வளர்ந்தார்கள். அதற்குள் குன்னூரிலும் கொடைக்கானலிலும் மிஷன் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வந்திருந்தன. கொடைக்கானல் பள்ளி 1901-இல் தொடங்கியது. கடல் கடந்த பிரிவு மலையேறும் பிரிவாகச் சுருங்கியது. அதுவும் பிரிவுதான். ஆனால் பெரிய விடுமுறைக்கு வீடு வரலாம்.

இவ்வளவும் மிஷன் வளாகத்தின் மதிலுக்கு உள்ளே. மதிலுக்கு வெளியே பிள்ளை பெற்ற பெண்களின் நிலை என்ன? இதற்கு ஐடா ஸ்கடரைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஜான் ஸ்கடரின் பேத்தி. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரும் சிறுமியாக அமெரிக்காவில் விடப்பட்டவர்தான். மிஷன் வாழ்க்கையே வேண்டாம் என்று உறுதியாக இருந்தவர். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர்; வரத் தயாராக இருந்தார். அந்நிய ஆண் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்று மூவரும் ஐடாவைக் கேட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

ஐடா 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அந்தத் திண்டிவனம் இரவில் இருக்கிறது. மிஷனரி மனைவிகளுக்குப் பக்கத்தில் பல வேளைகளில் ஒரு மருத்துவரோ, படித்த ஒரு தோழியோ, மலைக்கு ஏறிப் போக ஒரு வழியோ இருந்தது. ஊர்ப் பெண்ணுக்கு இவை எதுவும் கிடையாது. பெங்களூரிலும் 1886-இல் நல்லாயன் சபைக் கன்னியர் புனித மார்த்தா மருத்துவமனையைத் திறந்த பிறகும், 1935-இல் அரசு வாணி விலாஸ் மருத்துவமனை வந்த பிறகும்தான் சாமானியப் பெண்ணுக்குப் பேறுகாலப் பாதுகாப்பு கைக்கு எட்டியது.

மணமே செய்யாமல் தாயானவரும் உண்டு. ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து பணியில் சேர்ந்த ஊர் பெங்களூர்தான். இங்கே தமிழ் கற்கத் தொடங்கி, பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். டோனாவூரில் அவரிடம் கைக்குழந்தைகள் வந்து சேர்ந்தபோது பால் கிடைப்பதும், வயிற்றுப்போக்கிலிருந்து காப்பதும் பெரும் பாடு. நெய்யூர் மருத்துவமனையை ஒட்டி அமைத்த குழந்தைகள் இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள். உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் பெயர் அழியாமல் நின்ற அபூர்வமான இடம் இது.

வெளிநாட்டுக்காரர்களையே சொல்லிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவ முன்னின்ற வி. எஸ். அசரியா, 1909-இல் மனைவி அன்புவோடும் பிள்ளைகளோடும் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார். வெள்ளாளன்விளைக்காரருக்குத் தெலுங்கு மண் அந்நிய நாடுதான். மொழி, சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு எல்லாமே புதிது. கல்லூரி வரை படித்த அன்பு, ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கிராமத்துப் பெண்களின் சங்கங்களையும் நடத்தினார். இன்றும் தமிழ்நாட்டிலிருந்து இளம் தம்பதியர் ஜார்க்கண்டுக்கும் குஜராத்துக்கும் சத்தீஸ்கருக்கும் ஊழியத்துக்குப் போகிறார்கள். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு இதில் பெரியது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்க டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இருக்கிறது. வெள்ளைக்கார மிஷனரியின் மகன் டோனாவூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன காலம் போய், தமிழ் மிஷனரியின் மகன் ராஜ்மகல் மலையிலிருந்து டோனாவூருக்கு வருகிறான். தாயின் கண்ணீரில் வித்தியாசம் இருக்காது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நமக்கு ஊறிப்போன வழக்கம். வடக்கே பணித்தளத்தில் இருக்கும் பெண் ஏழாம் மாதத்தில் இரண்டு இரவு ரயிலில் ஊர் வருவாள். அல்லது பத்தியப் பொடியும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டு அம்மா அங்கே போவாள். இரண்டுக்கும் காசு வேண்டும், விடுப்பு வேண்டும். பேறுகாலத்துக்கு இத்தனை மாத விடுப்பு, தாயோ மாமியாரோ வந்துபோகும் செலவு, பக்கத்து நல்ல மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று பார்த்த பிறகே பணியிடம் என்பதை எல்லாச் சங்கங்களும் எழுதிவைத்த விதியாக்க வேண்டும். தியாகம் என்ற பெயரில் இதைப் பேசாமல் விடுவது அநியாயம்.

மல்லேஸ்வரத்தில் இப்போது ஒரு வெளிநாட்டு ஊழியக் குடும்பத்துக்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவத்தைப் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை; சொந்த நாட்டில் கிடைக்கிற அதே கவனிப்பு இங்கேயும் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்கும் சிசுவுக்கும் எண்ணெய்க் குளியல் செய்விக்கும் பெண்கள் இந்தப் பகுதியில் இன்றும் வீடு வீடாக வருகிறார்கள். பிரசவ மருந்துச் சரக்குகளைக் கிரந்திகெ அங்கடி எனும் நாட்டுமருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம். சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அது இயல்பாகக் கிடைத்தது. அதன் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது, 2004 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது. ஆகவே பெற்றோரின் நாட்டுத் தூதரகத்தில் கடவுச்சீட்டு வாங்கி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் விசாவும் வாங்க வேண்டும். அது கைக்கு வரும்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியாது.

பெங்களூரில் பிறந்த ரைஸுக்கு இந்தக் காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. ஆட்சி அவர்களுடையதாக இருந்தது. இன்றைய குடும்பம் விருந்தாளியாக, விதிக்குக் கட்டுப்பட்டு, அக்கம்பக்கத்தாரின் தயவை நம்பி இருக்கிறது. இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். வாசலில் கோலம் போடுகிற எதிர்வீட்டு அம்மாள் இப்போது அந்தத் தாய்க்கு வேலைக்காரி அல்ல. பிள்ளைக்கு எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று உரிமையோடு சொல்கிறவள். அன்றைய ஆயாக்களைத் தேடவும் வழி இருக்கிறது: மில்லர் சாலை யுனைட்டட் தியாலஜிகல் காலேஜ் ஆவணக்காப்பகத்தில் பழைய மிஷன் தாள்கள் கிடக்கின்றன. ஆய்வு மாணவர்கள் யாராவது மனைவிமாரின் கடிதங்களை மட்டும் எடுத்து, ஆயா, பால்காரி, மருத்துவச்சி என்று வரும் இடங்களையெல்லாம் குறித்து, சம்பளக் கணக்குகளோடு ஒப்பிட்டால் சில பெயர்களாவது கிடைக்கும். தண்டுப் பகுதியின் பழைய தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெண்களின் கொள்ளுப் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களையும் கேட்க வேண்டும்.